கூடையில் போட்ட கடிதம்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வேலைதான் சாப்பாடா? எனக்குக் குறை ஒன்றுமில்லை, காதைத் தவிர. தபால் ஆபீஸில் முத்திரை குத்தும் மெஷின் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றதில் இடது காது முன்பே போனது. ஓய்வு பெற்ற பிறகு வலதும் தன் அண்ணனான இடது போன வழியே போய்விட்டது. ஆகையால் கீழ் வீட்டுப் போனுக்கு இனிக் கூப்பிடாதே. அந்த அம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்து கையை ஆட்டுகிறாள். நான் இறங்கிப் போய் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி நிற்கிறேன். கடிதம் எழுது. கடிதத்தில் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உன் அத்தான் கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. நீ ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். கை கேட்டுவிட்டது. இருக்கட்டும்.

விஷயம் இதுதான். அவருடைய கம்ப்யூட்டர் முன் அறையில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. குடிநீர் ஆபீஸில் வரைபட அறையிலிருந்து அவரை மீட்டர் கிடங்குக்குத் தூக்கிப் போட்டார்களே, அந்த வருஷம் வாங்கியது. சாயங்காலம் வந்து முகம் கழுவி அதன் முன் உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிடும் வரை எழுந்திருக்க மாட்டார். "அப்படி என்னதான் பண்றீங்க?" என்றால், "சும்மா, பழைய வேலை" என்பார். ஏழு வருஷம் எனக்குச் சக்களத்தியாக இருந்த பெட்டி. இப்போது அதோடுதான் என் குடித்தனம்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். வெளி ஆளைக் கூப்பிட மனமில்லை. நீ கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்து இந்த வேலையிலேயே ஊறியவன். அவர் நோட்டில் சி.பி.யூ., ரேம், எம்.பி. என்று என்னென்னவோ எழுதி வைத்திருக்கிறார். எது என்ன, எதற்கு என்று எனக்குப் புரிகிற பாஷையில் எழுது. கிண்டல் செய்தால் பதில் போட மாட்டேன்.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நான் சுகம். காது விஷயம் வருத்தமாக இருக்கிறது. டாக்டரிடம் இன்னொரு முறை காட்டு.

அத்தான் காரியத்துக்கு என்னால் வர முடியாத நிலை. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்கு உன் ஆபீஸை வைத்துச் சொன்னால்தான் ஏறும். பெட்டிக்குள் சி.பி.யூ. என்று ஒன்று இருக்கிறது. அதுதான் தபால் பிரிக்கிற நீ. எல்லா வேலையும் அதன் கையில்தான் நடக்கிறது. நீ தபாலைப் பரப்பிப் பிரிக்கும் மேஜைதான் ரேம். மேஜை பெரிதாக இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ஆனால் கரண்ட் போனால் மேஜையில் இருந்தது அத்தனையும் போய்விடும். நிரந்தரமாக வைக்க, சுவரில் ஊர் வாரியாக அறை அறையாக அடுக்கு இருக்குமே, அது ஹார்ட் டிஸ்க். மேஜையிலிருந்து அடுக்குக்கு எடுத்து வைப்பதற்குப் பெயர் சேவ். ஒவ்வொரு கடிதமும் ஒரு ஃபைல். கடிதங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு ஃபோல்டர். கே.பி., எம்.பி. என்பதெல்லாம் எடை. ஆயிரம் கே.பி. சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு எம்.பி.

திரையில் தெரியும் சின்னச் சின்னப் படங்கள் ஐகான். மவுஸ் என்பது கைக்கு அடங்கிய அந்த வெள்ளைச் சாமான். அதை நகர்த்தினால் திரையில் அம்பு நகரும். படத்தின் மேல் அம்பை வைத்து டக் டக் என்று இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். அழுத்திப் பிடித்து இழுத்தால் படமும் கூட வரும். அணைப்பதற்கு முன் எப்போதும் சேவ் செய். இப்போதைக்கு இது போதும்.

உன் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது, சுகம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். நானும் சுகம். என்னையே பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டாய். பரவாயில்லை, புரிந்தது. முன்பே இப்படிச் சொல்லியிருந்தால் அவரோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். முதல் நாள் அம்பு ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது. மூன்றாம் நாள் பிடிபட்டுவிட்டது. ஒரு கட்டைத் திறந்தேன். உள்ளே ஒன்றிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை நம்பர் போட்ட ஃபைல்கள். எல்லாம் கோடு. நீலக் கோடு, சிவப்புக் கோடு, நடுவில் சின்ன வட்டங்கள், மூலையில் தேதி. இவை என்ன? எதற்காக மனிதர் ஏழு வருஷம் கோடு போட்டார்?

இன்னொன்று. திரையில் தனியாக ஒரு ஃபைல் நிற்கிறது. ஆங்கில எழுத்தில் 'மாப்பிள்ளை' என்று பெயர். உன்னைத் தவிர அவர் வேறு யாரை அப்படிக் கூப்பிட்டார்? தேதி பார்த்தேன், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பு. உனக்கு எழுதியிருக்கிறார்.

நான் திறக்கவில்லை. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அடுத்தவர் பெயர் போட்ட தபாலை நான் பிரித்ததில்லை. ஒட்டுப் பிரிந்து வந்த உறையைக்கூட கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஒட்டியிருக்கிறேன். புருஷன் எழுதியது என்பதற்காக அந்தப் பழக்கம் மாறுமா? எப்படி அனுப்புவது என்று எழுது. அனுப்பி வைக்கிறேன்.

அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பேக்கப்' என்று எழுதி அடியில் மூன்று கோடு இழுத்திருக்கிறார். அந்தச் சொல் உன் கடிதத்தில் இல்லையே. அது என்ன?

உன் அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கடையில் வேலை அதிகம்.

அந்தக் கோடுகள் ஊருக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாய்களின் வரைபடங்கள். நீலம் பெரிய குழாய், சிவப்பு அதிலிருந்து பிரியும் சின்னக் குழாய். வட்டங்கள், தண்ணீரை அடைத்துத் திறக்கும் வால்வுகள். நல்ல வேலை. அத்தானைப் போல வரைய ஆள் கிடையாது. அந்தக் கட்டைத் தொடாதே.

எனக்கு எழுதியதை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். எப்படி அனுப்புவது என்று பிறகு எழுதுகிறேன்.

அதுவரை நீ தட்டச்சுப் பழகலாம். 'நோட்பேட்' என்று ஒரு ஐகான் இருக்கும், வெறும் வெள்ளைத் தாள். அத்தான் தமிழ் எழுத்துப் போட்டு வைத்திருப்பார். கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும் சின்னக் கோடு கர்சர். எழுத்து அங்கேதான் விழும். தினம் ஒரு பக்கம் அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து சேவ் செய். கை பழகும். பொழுதும் போகும்.

உன் தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் உன் கடிதத்துக்குத்தான் சுகமில்லை. கேட்டது நான்கு, பதில் வந்தது ஒன்றரை. பேக்கப் என்றால் என்ன என்று கேட்டேன், தட்டச்சுப் பழகு என்கிறாய். கொட்டைப்பாக்குக்கு விலை கேட்டால் பட்டுக்கோட்டைக்கு வழி சொன்ன கதைதான்.

தட்டச்சு பழகிவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றாய், நான் மூன்று நான்கு அடிக்கிறேன். என்ன அடிக்கிறேன் என்று கேட்காதே, மனசில் வந்தது. எல்லாவற்றையும் நம்பர் போட்டு அடுக்கில் வைத்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்ல ஒரு சந்தோஷமான சேதி. நீ வழி சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? திரை மூலையில் ஒரு கூடை இருக்கிறது, பார்த்தாயா? நம் ஆபீஸில் பிரித்து முடித்த தபாலை வெளியூர்க் கூடையில் போடுவோமே, அதே மாதிரி. நீதான் எல்லாமே ஆபீஸ் மாதிரி என்று சொல்லிவிட்டாயே. 'மாப்பிள்ளை'யை அழுத்திப் பிடித்து இழுத்துக் கூடையில் போட்டேன். நிச்சயமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஆமாம் என்று தட்டினேன். ஆனால் சாயங்காலம் வரை கூடையிலேயே கிடந்தது. ஷிப்ட் முடியும்போது கூடையில் ஒரு கடிதம் மிச்சம் இருந்தாலும் எங்களுக்கு மெமோ தெரியுமா? தேடிப் பார்த்தேன், கூடையைக் காலி செய்ய ஒரு வழி இருந்தது. மறுபடி நிச்சயமா என்றது. இது என்னடா, என் சர்வீஸில் மேலதிகாரிகூட என்னை இரண்டு தடவை கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே தட்டினேன். கூடை காலி.

இது நடந்து ஐந்து நாள். உனக்கு வந்து சேர எத்தனை நாளாகும்? அவர் என்ன எழுதியிருந்தார் என்று, சொல்லலாம் என்றால் மட்டும் சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 18, அவசரத் தபால்

அக்கா,

இதைப் படித்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிடு. திரும்பப் போடாதே. ஒரு எழுத்துகூட அடிக்காதே. கீழ் வீட்டுக்கு ஆறு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

அந்தக் கூடை அனுப்புகிற கூடை இல்லை. குப்பைக் கூடை. அதன் பெயர் ரீசைக்கிள் பின். அதில் போட்டதைத் திரும்ப எடுக்கலாம். காலி செய்துவிட்டால் எடுக்க முடியாது.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. காலி செய்தவுடன் கடிதம் எரிந்துபோவதில்லை. அறைக்கு மேலே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைத்தான் கம்ப்யூட்டர் கிழிக்கிறது. கடிதம் அறைக்குள் அப்படியே கிடக்கும். ஆனால் அறை காலி என்று கணக்காகிவிட்டதால், அடுத்து எதை சேவ் செய்தாலும் அதை அங்கேயே வைத்துவிடும். அப்படி வைத்துவிட்டால் பழையது போனது போனதுதான். அதனால்தான் அடிக்காதே என்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் அவசரத் தபால் நேற்று வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் அறுபத்தொன்றில் இருந்தேன்.

அணைத்துவிட்டேன். துணியைப் போர்த்திவிட்டேன். கூடையைக் காலி செய்த நாளிலிருந்து நேற்று வரை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தெட்டுப் பக்கம் சேவ் செய்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நீ சொன்னபடி ஒழுங்காக, பெயர் வைத்து.

என் வாழ்நாளில் ஒரு கடிதத்தைத் தொலைத்ததில்லை தம்பி. விலாசம் தண்ணீரில் கரைந்து வந்த கடிதத்தைக்கூட நான்கு தெரு கேட்டுச் சேர்த்திருக்கிறேன். என் வீட்டுக் கடிதம், அதுவும் அவர் கடைசியாக எழுதியது, என் கையால் போயிற்று. நேற்றிலிருந்து சாதம் இறங்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏழு வருஷம் நீ அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வரவில்லை. இப்போது அவர் எழுதிய ஒரு கடிதத்துக்காக ஆறு தடவை போன் செய்கிறாய். ஏன்?

பேக்கப் என்றால் என்ன? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். பதில் வராவிட்டால் நான்காவது முறை கேட்க மாட்டேன்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிட வேண்டும். தவறு உன்னுடையது இல்லை. எல்லாச் சொல்லையும் எழுதிவிட்டு இரண்டு சொல்லை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். குப்பைக் கூடை ஒன்று, பேக்கப் ஒன்று. அழிப்பதைப் பற்றி உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

பேக்கப் என்றால், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று முன்கூட்டியே எடுத்து வேறு இடத்தில் வைக்கும் காப்பி. ஏழு வருஷத்துக்கு முன் அதை நான் எடுக்கவில்லை.

குடிநீர் ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, பழையதில் இருந்த வரைபடங்களை மாற்றிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அத்தான் சிபாரிசு. அறுநூற்று நாற்பது படம், பதினோரு வருஷ வேலை. நான் உட்கார்ந்ததும் அவர் கேட்டார், "காப்பி எடுத்தாச்சா மாப்பிள்ளை?" நான் சொன்னேன், "எடுத்தாச்சு அத்தான்." எடுக்கவில்லை அக்கா. பத்து நிமிஷ வேலைக்கு எதற்குக் காப்பி என்று ஒரு திமிர். புது டிஸ்க் என்று நினைத்துப் பழைய டிஸ்க்கைத் துடைத்து அழித்துவிட்டேன். அதன் பிறகு தெரிந்த அரைகுறை வித்தையை எல்லாம் அதன் மேலேயே செய்து பார்த்தேன். மீட்க இருந்த கொஞ்சமும் போயிற்று.

அத்தான் திரையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "நீ கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார். திரும்பி வந்தபோது அத்தான் மேலதிகாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். "நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்" என்று சொல்லி முடித்துவிட்டார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நீ இனிமேதான் பேர் எடுக்கணும். எனக்கு இருக்கிற பேர்ல கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கும்."

மிச்சம் இருக்கவில்லை. கிடங்குக்கு அனுப்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பத்தாவது நாள் வேலை கிடைத்தது என்று சொல்லி ஊரை விட்டு வந்தேன். உன் முகத்தைப் பார்க்கப் பயந்து வரவில்லை. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் பயம்.

நீ பார்த்த நானூற்றுப் பன்னிரண்டும் நான் அழித்த படங்கள். ஞாபகத்திலிருந்து மறுபடி வரைந்திருக்கிறார்.

டிஸ்க்கை எனக்கு அனுப்பினால் முயன்று பார்க்கிறேன். கரண்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பின்னால் நான்கு திருகாணியைக் கழற்று. உள்ளங்கை அகலத்தில் கனமான இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் இரண்டு பக்கத் திருகாணியும் இரண்டு வயரும் எடுத்தால் வந்துவிடும். அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம்.

தம்பி


ஜூன் 27

டிஸ்க் இந்தப் பார்சலில் இருக்கிறது. பஞ்சு, அட்டை, அதற்கு மேல் துணி சுற்றி அரக்கு வைத்திருக்கிறேன். உடையாது.

உன் கடிதம் வந்து ஐம்பது நாள் ஆகிறது. கிடங்கில் மீட்டரோடு அடுக்கிய சிமெண்டு மூட்டைகளின் தூசியில் அவர் ஏழு வருஷம் இருமினார். ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்தில் படுத்து நான் அதைக் கேட்டேன், கேட்கிற காது இருந்தவரை. உனக்கு எழுத வேறு ஒன்றுமில்லை.


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பார்சல் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. முதல் வேலையாக நானூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கும் இரண்டு காப்பி எடுத்து இரண்டு இடத்தில் வைத்தேன். அதன் பிறகுதான் மற்றதைத் தொட்டேன்.

அத்தான் கடிதம் டிஸ்க்கில் பல அறைகளில் பிரிந்து இருந்திருக்கிறது. முதல் அறை மட்டும் தப்பியது. மற்றவற்றின் மேல் உன் பக்கங்கள் விழுந்துவிட்டன. கிடைத்ததை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன். என் பெயர் போட்டதுதான், ஆனால் நீ படி:

"மாப்பிள்ளை, இங்கே எல்லாரும் நலம். உன் அக்காவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, கேட்டதாகத் தலையாட்டிச் சமாளிக்கிறாள், நானும் கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். நெஞ்சு இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. படங்களில் நானூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. மீதியை முடிக்க எனக்கு நாள் போதாது. எல்லாவற்றுக்கும் பேக்கப் எடுக்க வேண்டும், எனக்கு அந்த வித்தை சரியாக வராது, நீ வந்தால் தேவலை. அன்று நடந்ததைப் பற்றி நாம் பேசவே இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்கு"

இதோடு அவர் எழுத்து நிற்கிறது. அடுத்த வரியிலிருந்து உன்னுடையது:

"வருவாய் தம்பி எப்போது வருவாய் தம்பி எப்போது வருவாய் தம்பி எப்போது வருவாய்"

பக்கம் முடியும் வரை இதேதான். உன்னுடைய மற்ற பக்கங்களையும் பார்த்தேன். அறுபத்தொன்றும் இதேதான்.

தட்டச்சுப் பழக என்ன அடித்தாய் என்று கேட்காதே என்றாய். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை.

உன்மேல் எனக்கு என்றதற்குப் பிறகு என்ன இருந்தது என்று இனி யாராலும் எடுக்க முடியாது. எல்லா வழியும் பார்த்துவிட்டேன்.

டிஸ்க்கைத் திருப்பி அனுப்பட்டுமா?

தம்பி


ஜூலை 23

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கேட்டதால் சொல்கிறேன்.

உன்மேல் அவருக்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கோபம் இருந்திருக்காது என்று சொல்லி உன்னைத் தேற்ற நான் தயாராக இல்லை. அவர் சொல்லாததை நான் சொல்ல முடியாது, அடுத்தவர் தபால் அது. எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கட்டும்.

டிஸ்க்கை அனுப்பாதே. கையில் எடுத்துக்கொண்டு வா. போன வாரம் குடிநீர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். எங்கேயோ குழாய் வெடித்து மூன்று நாளாக வால்வு எங்கே என்று தோண்டுகிறார்களாம். அத்தான் வீட்டில் ஏதாவது குறிப்பு வைத்திருந்தாரா என்று காகிதத்தில் எழுதிக் கேட்டார். தம்பி வருகிறான், கொண்டுவருவான் என்று எழுதிக் கொடுத்தேன்.

நானூற்றுப் பன்னிரண்டையும் நீதான் அவர்கள் மேஜையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு, அன்றைக்கு அழித்தது யார் என்று மேலதிகாரி முன்னால் உன் வாயால் சொல்ல வேண்டும். நான் கூட வருவேன். எனக்குக் கேட்காது. ஆனால் சொல்கிறாயா இல்லையா என்று உன் உதட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். மீதி இருநூற்று இருபத்தெட்டை எப்படி முடிப்பது என்று பிறகு பார்ப்போம்.

அவர் எழுதியது பாதியில் நிற்கிறது. நான் எழுதியது முழுசாக உன் கையில் இருக்கிறது. அதற்குப் பதில் கடிதம் எழுதாதே.

கதவைத் தட்டாதே, எனக்குக் கேட்காது. தாழ் போடாமல் வைத்திருக்கிறேன். தள்ளிக்கொண்டு உள்ளே வா.

உன் அக்கா